பற்று

பகலெல்லாம் நான் எழுதுவது
அடுத்தவர் வயல் பூச்சிக்கு ஆகும் கடன்.
பூவனூர் பக்கிரிசாமி, அரை லிட்டர், அறுப்புக்குத் தருவார்.
ஒளிமதி வீரையன், கால் லிட்டர், பழைய பாக்கியோடு.
நஜ்முதீன் உரக்கடையில்
பதினோரு வருஷமாய்க் கணக்கு நான்.

கார்த்திகை மந்தாரம், நாலு நாளாய்.
வெயிலும் இல்லை, மழையும் இல்லை.
வானம் இப்படி முனகினால்
இலைச்சுருட்டுப் புழுவுக்குக் கல்யாணம்.
யூரியா அள்ளிப் போட்ட வயலென்றால்
பந்தலே போட்டுவிடும்.
என் குத்தகை மூணு மாவிலும்
தோகை தோகையாய் நெல் சுருண்டுகொள்ள
உள்ளே ஒருவன் பச்சையைச் சுரண்டி
வெள்ளை வெள்ளையாய்க் கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.
அவனும் கணக்குப்பிள்ளைதான்.

ஆனியில் ஸ்டேஷன் வேம்படியில்
காலை பாசஞ்சர் போனபின் பொறுக்கிய கொட்டை.
நிழலில் காய்ந்து மூட்டையில் கிடந்தது.
நானும் அடுத்த வீட்டு பிலோமினாவும் இடித்தோம்.
கையில் ஏறிய கசப்பு
மூணு நாள் சோற்றில் இறங்கியது.
துணியில் முடிந்து ராத்திரி முழுக்க வாளியில்.
விடிந்து பார்த்தால் பால்.
பூனை வந்து எட்டிப்பார்த்துத்
தும்மிவிட்டுப் போனது.
தனியாக அண்டாவில் நொச்சி, எருக்கு, ஆடாதொடை:
ஆடு முகர்ந்து விலகும் வேலியெல்லாம்.

சாயங்காலம்தான் அடிக்க வேண்டும்,
வெயில் பட்டால் வேம்புக்கு வீரியம் போய்விடும்.
ஐந்தரைக்குக் கடையை விட்டால்
நீடாமங்கலம் ரயில்வே கேட் என்னை விடாது.
முன்னால் நெல் லாரி, பின்னால் மன்னார்குடி பஸ்,
நடுவில் என் மொபெட், காலிடுக்கில் குடம்.
நாற்றம் மட்டும் கேட்டைத் தாண்டிப் போனது.
“என்னக்கா, செத்த எலியா?”
வேர்க்கடலை விற்கும் பையன் கேட்டான்.
“சாகப்போற புழு” என்றேன்.

அது பொய்.
பாட்டில் மருந்து அடித்தால் மறுநாள்
வரப்பில் நின்று எண்ணலாம்:
புழு, சிலந்தி, தட்டான், ஒரு நண்டு.
இது அப்படியில்லை.
மறுநாளும் புழு இருக்கிறது.
இலையில் வாய் வைக்கிறது, எடுத்துவிடுகிறது,
சண்டை நடந்த பந்தியில் உட்கார்ந்தவன் போல.
தோல் இறுகிவிட்டது, கழற்ற முடியவில்லை.
நாலாம் நாள் சுருளைப் பிரித்தேன்.
பழைய சட்டைக்குள்ளேயே கறுத்துக் கிடந்தது.
கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

எல்லாம் பலித்தது என்று சொல்லமாட்டேன்.
வடக்கு மாவில் அடித்த அன்று ராத்திரியே
மழை கொட்டிக் கழுவிக்கொண்டு போனது.
திரும்ப அடிக்கக் கொட்டை இல்லை.
அந்தப் பக்கம் இன்னும் வெளுத்தே நிற்கிறது.
வெண்ணாற்றுப் பக்கம் மட்டும் கருகருவென்று.

கடையில் மூச்சு விடவில்லை.
சோப்புப் போட்டுக் கழுவிய கையைத்தான்
லெட்ஜரில் வைத்தேன்.
பக்கத்துக்குப் பக்கம் வாசம்.
முதலாளி மூக்கை உறிஞ்சினார்,
ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர்
மேசையைத் துடைத்தார்,
துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.
“தையல்நாயகி, வீட்டு முருங்கையில
கம்பளிப்பூச்சி அடை அடையா அப்பிக்கிட்டிருக்கு.”
பின்னால் அலமாரி முழுக்க மருந்து.
அவர் திரும்பிப் பார்க்கவில்லை.
“பிள்ளைக அந்தக் கீரையத்தான் திங்குதுக.
உன்கிட்ட அந்த... நாத்தம் புடிச்ச தண்ணி
ஒரு குடம் கிடைக்குமா?”

கொட்டை தீர்ந்தது, இலைச்சாறுதான் இருக்கு என்றேன்.
அதுவே போதும் என்றார்.
விலை கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் ஒளிமதி வீரையன் வந்துவிட்டார்,
அதே கால் லிட்டருக்கு.
முதலாளி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.
நான் எழுதினேன்.
கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது:
நஜ்முதீன், ஒரு குடம், பற்று.
தொகை இன்னும் எழுதவில்லை.